ஒரே துப்பாக்கி மருந்து, மூன்று மெஷர், மூன்று எடை: எதை நம்புவது?

அஞ்செட்டி_ராகிக்காடு கேட்டது:

வணக்கம். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் உள்ள ஒற்றைக்குழல் எஸ்.பி.எம்.எல்., அதாவது உள்ளே வரியில்லாத குழல் துப்பாக்கி. வாய் வழியாகக் கருமருந்து போட்டுக் கெட்டிக்கும் வகை. மருந்து அளக்க மூன்று மெஷர் இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை.

முதலாவது, தண்டை ஏற்றி இறக்கும் பித்தளை மெஷர். தண்டில் 10 முதல் 120 வரை கிரெயின் (பழைய எடை அலகு) கோடுகள். 60-ல் வைத்து அளந்தேன். இரண்டாவது, மாட்டுக்கொம்பில் செய்தது. அதைக் ‘கால் தோலா’ என்றே சொல்லிவருகிறார்கள். வாய் விளிம்பு எப்போதோ சிலும்பி, அரம் போட்டுச் சமப்படுத்திய அடையாளம் இருக்கிறது. மூன்றாவது, லேத்தில் கடைந்த பித்தளை, அகன்ற வாய், அடியில் ‘3’ என்று மட்டும் பொறித்திருக்கிறது.

உரிமம் பெற்ற கடையில் வாங்கிய ஒரே டப்பா மருந்து. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. ஒவ்வொன்றிலும் ஐந்து முறை அளந்து எடை போட்டேன்:

ஏற்றி இறக்கும் மெஷர் (60 கிரெயின்): 4.02, 3.86, 4.10, 3.91, 4.06 கிராம்
கொம்பு (கால் தோலா): 2.61, 2.63, 2.60, 2.66, 2.62 கிராம்
லேத் மெஷர் (3): 5.22, 5.27, 5.19, 5.30, 5.24 கிராம்

‘3’ என்பதை 3 கிராம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். தராசு 5.24 பக்கம் காட்டுகிறது. தராசில் பிழையா, மெஷரில் பிழையா? எதைச் சரி என்று வைத்து மற்றதைத் திருத்துவது?

---

பென்னாகரம்_கெஜக்கோல் எழுதியது:

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ‘3’. அது கிராம் இல்லை, டிராம். பழைய துப்பாக்கி மருந்துக் கணக்கு டிராமில்தான் ஓடியது. 16 டிராம் ஒரு அவுன்ஸ். ஒரு டிராம் 27.34 கிரெயின், அதாவது 1.77 கிராம். மூன்று டிராம் 82 கிரெயின், 5.32 கிராம். உங்கள் ஐந்து எடையின் சராசரி 5.244 கிராம், அதாவது 80.9 கிரெயின். மூன்று டிராமுக்கு 1 கிரெயின்தான் குறைவு. நல்ல மெஷர். பொறித்தவர் எண்ணைப் போட்டுவிட்டு அலகை விட்டுவிட்டார், குறை அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு குறை போதும் ஒரு குழலைக் கெடுக்க. 3 கிராம் என்று நம்பிப் போட்டால் உள்ளே போவது அதைவிட முக்கால் பங்கு அதிகம். இன்றைக்கே ஆணியால் கீறியாவது ‘டிராம்’ என்று எழுதிவையுங்கள். எழுதாமல் இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் மூன்று நான்கு அலகு கலந்து புழங்குவதால் கணக்கை ஒரு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1 கிராம் 15.43 கிரெயின். 1 கிரெயின் 0.0648 கிராம். 1 தோலா 180 கிரெயின், 11.66 கிராம். பழைய வெள்ளி ரூபாயின் எடை அது. கால் தோலா 45 கிரெயின், 2.92 கிராம். ஒரு பவுன் 8 கிராம் என்று வைத்தால் 123 கிரெயினுக்குச் சற்று மேல்.

உங்கள் கொம்பு சராசரி 2.624 கிராம் தருகிறது. அது 40.5 கிரெயின். கால் தோலாவுக்கு 4.5 கிரெயின் குறைவு. ‘கால் தோலா’ என்பது வாய்வழி வந்த பெயர், அதைப் பொறித்த அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தராசிலும் அலகைப் பாருங்கள். சின்னத் தராசுகளில் ஒரே பொத்தானை அமுக்க அமுக்க ஜி, சி.டி., ஜி.என்., டி.எல். என்று மாறிக்கொண்டே போகும். ஜி.என்.தான் கிரெயின். சி.டி. காரட், 0.2 கிராம். டி.எல். என்பதைத் தோலா என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் பலர். அது டேல் என்ற சீன எடை, 37 கிராமுக்கும் மேல். கிராமிலேயே வைத்து எடை போட்டு, காகிதத்தில் 15.43-ஆல் பெருக்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

---

பாலக்கோடு_தராசுத்தட்டு எழுதியது:

பென்னாகரத்து அண்ணன் சொன்னது சரி. நான் எண்களின் சிதறலைப் பற்றிச் சொல்கிறேன். கேள்வியின் முக்கால்வாசி விடை அதில்தான் இருக்கிறது.

மெஷரில் இரண்டு விதமான பிழை வரும். ஒன்று, கோடு போட்ட இடம் தவறு. அப்போது சராசரி தள்ளிப்போகும், ஆனால் எடைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். இன்னொன்று, அளக்கும் கை ஒரே மாதிரி ஓடவில்லை. அப்போது எடைகள் சிதறும். உங்கள் கொம்பில் பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் 0.06 கிராம், 1 கிரெயின்கூட இல்லை. பெயர் தவறானாலும் அளவு நிலையாக இருக்கிறது. பித்தளை மெஷர் நேர்மாறு. சராசரி 3.99 கிராம், 61.6 கிரெயின், பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வித்தியாசம் 0.24 கிராம், 3.7 கிரெயின். கோடு சரியாக இருப்பது போலத் தோன்றுகிறதே தவிர, ஒவ்வொரு முறையும் வேறு வேறு மருந்து விழுகிறது. நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அந்த மெஷரில் மட்டும் மருந்தைப் போட்டபின் மேசையில் தட்டினீர்களா, விரலால் சுண்டினீர்களா? கேழ்வரகை வள்ளத்தில் அளக்கிறவர்களுக்கு இது தெரியும். குலுக்கி அளந்தால் அதிகம் பிடிக்கும், குலுக்காமல் தலைதட்டினால் குறைவு. கருமருந்தும் அப்படியேதான். தட்டத் தட்ட மணிகள் இடைவெளியில் இறங்கி உட்காரும், மேலே இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். 100-க்கு 5 வரை கூடுவது சாதாரணம். ஒருமுறை இரண்டு தட்டு, அடுத்த முறை ஐந்து தட்டு என்றால் உங்கள் எண்கள் மாதிரிதான் வரும்.

தராசைச் சோதிக்காமல் மெஷரைக் குறை சொல்லவும் முடியாது. இப்படிச் செய்யுங்கள்:

ஆடாத மேசை. மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னல் காற்று நேராகத் தட்டில் படக்கூடாது, 0.01 கிராம் தராசை ஒரு மூச்சு ஆட்டிவிடும். தராசைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு பூஜ்யம் வையுங்கள். முத்திரையிட்ட 5 கிராம் எடைக்கல் கிடைத்தால் அதை ஐந்து முறை எடுத்து எடுத்து வைத்துப் பாருங்கள். நடுவிலும் நான்கு ஓரத்திலும் வையுங்கள். எங்கே வைத்தாலும் 4.99-க்கும் 5.01-க்கும் உள்ளே நிற்க வேண்டும்.

எடைக்கல் இல்லையா? 8 மி.மீ. பித்தளைக் கம்பியில் ஒன்பதரை மி.மீ. நீளம் வெட்டினால் ஏறக்குறைய 4 கிராம் வரும், 60 கிரெயினுக்குப் பக்கத்து எடை. அதை நகைக்கடைக்கு எடுத்துப்போய் முத்திரை பெற்ற தராசில் வைத்துச் சரியான எடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் வீட்டு எடைக்கல். மருந்தை மட்டும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய வெள்ளி ரூபாயை எடைக்கல்லாக வைக்கலாமா என்று கேட்பார்கள். தேய்ந்த காசு எடை குறையும், வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், நிறையப் பேர் கவனிப்பதில்லை. கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கியபின் கிண்ணத்தைத் தூக்கினால் தராசு ஒரு மைனஸ் எண் காட்டும், அதுதான் கிண்ணத்தின் எடை. அந்த எண்ணைக் குறித்துவைத்து, ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பாருங்கள். மாறினால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது என்று பொருள், அதற்கு முந்தைய எடையை நம்பாதீர்கள்.

மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் தூவாதீர்கள். மலிவான தராசுகள் மிக மெதுவாக ஏறும் எடையைக் காற்றசைவு என்று எடுத்துக்கொண்டு தானாகவே பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். நாலைந்து மணி விழுந்தும் எண் நகராது. மெஷரிலிருந்து மொத்தமாகக் கொட்டி, நிற்கும் எண்ணை எழுதுங்கள்.

ஐந்து முறை போதாது, பத்து முறை. ஒவ்வொரு எண்ணையும் எழுதிச் சராசரியும் வித்தியாசமும் தனித்தனியாகப் போடுங்கள். பிடிக்காத எண்ணை அடித்துவிட்டு மறுபடி அளக்கக் கூடாது, அந்த எண்தான் உண்மையைச் சொல்கிறது. சோதனைக்கு வேண்டிய மருந்து மட்டும் மேசையில் இருக்கட்டும். டப்பாவை மூடி வேறு அறையில் வையுங்கள். பீடி, சாமி விளக்கு, அடுப்பு எதுவும் அந்த அறையில் கூடாது.

---

ஓசூர்_கடைசல் எழுதியது:

மருந்து இல்லாமலே மெஷரின் கோட்டைச் சோதிக்கலாம். வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் காலிப்பர்) இருந்தால் போதும்.

மெஷர் என்பது ஒரு உருளை. தண்டிலுள்ள ‘கிரெயின்’ கோடு எடை இல்லை, அந்த எடை மருந்து பிடிக்கும் இடம். கருமருந்து தளர்வாகக் கொட்டினால் ஒரு சி.சி. ஏறத்தாழ ஒரு கிராம், தண்ணீருக்குப் பக்கம். இந்த மெஷர்களுக்குக் கோடு போடுவதும் அந்தக் கணக்கை ஒட்டித்தான். 10 கிரெயின் என்றால் 0.648 சி.சி. இடம். உள்விட்டம் 10 மி.மீ. என்றால் 10 கிரெயின் கோடுகளுக்கு இடையே 8.25 மி.மீ. இருக்க வேண்டும். 11 என்றால் 6.82. 12 என்றால் 5.73. தண்டை வெளியே எடுத்து 10-லிருந்து 110 வரையுள்ள கோட்டுத் தூரத்தை அளந்து பத்தால் வகுங்கள். ஒரு கட்டத்தை மட்டும் அளந்தால் கோட்டின் தடிமனே ஏமாற்றிவிடும். பிறகு 60-ல் வைத்துப் பூட்டி, ஆழம் அளக்கும் கம்பியை விட்டு உண்மையான ஆழத்தைப் பாருங்கள்.

கோட்டு இடைவெளி சரி, ஆழம் மட்டும் எல்லா எண்ணிலும் ஒரே அளவு தள்ளியிருக்கிறது என்றால் தண்டின் தலை தேய்ந்திருக்கும், இல்லை அடியில் பழைய மருந்து கெட்டியாக ஒட்டியிருக்கும். இடைவெளியே தவறு என்றால் அந்த மெஷருக்கு வேறு விட்டத்துத் தண்டு மாட்டியிருக்கிறார்கள். பூட்டுத் திருகையும் பாருங்கள். அது தளர்ந்தால் தட்டும்போதே தண்டு இறங்கும், அளவு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும்.

அந்த ‘3’ மெஷருக்குத் தண்ணீர்ச் சோதனை செய்யலாம், அடி மூடிய ஒரே துண்டு என்பதால். மருந்துக்கடை 10 மி.லி. ஊசிக்குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் எடுத்து, விளிம்பு மட்டம் வரை விட்டு, எவ்வளவு போனது என்று பாருங்கள். விளிம்புக்கு மேல் தண்ணீர் குமிழ்ந்து நிற்கக் கூடாது. அல்லது வெறும் மெஷரைத் தராசில் பூஜ்யமாக்கித் தண்ணீரோடு எடை பாருங்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஒரு சி.சி. 0.996 கிராம், அந்த வித்தியாசத்தை விட்டுவிடலாம். முடிந்ததும் துணியால் துடைத்து ஒருநாள் முழுக்கக் காயவிட்டுத்தான் மருந்துப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஏற்றி இறக்கும் மெஷரில் தண்டு ஓரமாகத் தண்ணீர் கசியும், பயன்படாது. கொம்பில் தண்ணீர் விடவே விடாதீர்கள், ஊறி உப்பும்.

கொம்புக்குக் கசகசா. மணி சின்னது, நன்றாக ஓடும். கேழ்வரகு கொஞ்சம் பெரிய மணி, ஆனாலும் பரவாயில்லை. லேத் மெஷரில் தலைதட்டி ஒரு அளவு, கொம்பில் தலைதட்டி ஒரு அளவு, இரண்டையும் எடை போடுங்கள். கசகசாவின் எடை முக்கியமில்லை, இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. லேத் மெஷரின் சி.சி. தெரிந்துவிட்டால் கொம்பின் சி.சி. தானாக வந்துவிடும். ஒரு மணிகூட உள்ளே தங்காமல் தூரிகையால் தட்டி எடுத்துவிடுங்கள்.

அகன்ற வாய் மெஷர் ஏன் கொஞ்சம் சிதறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்விட்டம் 16 மி.மீ. என்றால் தலைதட்டும்போது அரை மி.மீ. மேடு பள்ளம் 0.1 சி.சி. ஆகிறது, ஒன்றரை கிரெயின். 11 மி.மீ. வாயில் அதே அரை மி.மீ. முக்கால் கிரெயின்கூட இல்லை. அதனால்தான் கடையச் சொல்கிறவர்களிடம் ஒல்லியாக, உயரமாகச் செய்துகொள்ளச் சொல்வேன்.

புதிதாக ஒன்று கடைவதானால், 60 கிரெயினுக்கு 12 மி.மீ. துளை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டிய இடம் 3.89 சி.சி. துளைப்பானின் கூம்பு முனை 118 பாகை. அந்தக் கூம்பே 2 கிரெயின் இடம் பிடிக்கும். அதை மறந்து 34.4 மி.மீ. நேராழம் போட்டுவிட்டால் கூடுதலாகிவிடும். நேராழம் 33.2 மி.மீ. போதும். முதலில் 31-ல் நிறுத்தி, மருந்து எடை பார்த்து, பிறகு அரை அரை மி.மீ. ஆக ஆழப்படுத்துங்கள். ஒவ்வொரு அரை மி.மீ.க்கும் கிட்டத்தட்ட 0.9 கிரெயின் கூடும். ஆழம் அதிகமாகிவிட்டால் வாய்ப் பக்கம் உயரத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். உள்ளே பிசிறு இருந்தால் மருந்து முழுக்க விழாமல் ஒட்டிக்கொள்ளும், வழவழப்பாக முடிக்க வேண்டும். இரும்பு வேண்டாம், பித்தளை அல்லது கொம்பு.

---

அஞ்செட்டி_ராகிக்காடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ‘டிராம்’ என்று பொறித்துவிட்டேன். தராசில் 5 கிராம் கல் ஐந்து இடத்திலும் 5.00, 5.01.

பித்தளை மெஷரில் தட்டியது உண்மைதான், எத்தனை தட்டு என்று கணக்கு வைக்கவில்லை. உள்விட்டம் 11.0 மி.மீ., 60-ல் ஆழம் 41.0 மி.மீ. கோட்டு இடைவெளி சராசரி 6.8 மி.மீ. லேத் மெஷரில் 5.37 சி.சி. தண்ணீர் பிடிக்கிறது. கசகசா: லேத் மெஷரில் 3.22 கிராம், கொம்பில் 1.61 கிராம். கொம்பின் வாய் உள்விட்டம் 14 மி.மீ.

---

ஓசூர்_கடைசல் எழுதியது:

அப்படியானால் கணக்கு முடிந்துவிட்டது.

லேத் மெஷர்: 5.37 சி.சி. இடத்தில் 5.244 கிராம் மருந்து. உங்கள் டப்பா மருந்து, உங்கள் கையில், தட்டாமல் ஒரு சி.சி.க்கு 0.976 கிராம்.

கொம்பு: லேத் மெஷரில் சரிபாதி, 2.685 சி.சி. அதை 0.976-ஆல் பெருக்கினால் 2.62 கிராம். நீங்கள் நேராக எடை போட்டதும் அதுவே. கால் தோலா வர 2.99 சி.சி. வேண்டும். 0.3 சி.சி. குறைகிறது. 14 மி.மீ. வாயில் அது 2 மி.மீ. உயரம். அரம் போட்டபோது அந்த இரண்டு மி.மீ. போயிருக்கலாம்.

பித்தளை: 11.0 விட்டம், 41.0 ஆழம், 3.896 சி.சி. தண்ணீர்க் கணக்கில் 60.1 கிரெயின். கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது. தட்டாமல் அளந்தால் 3.80 கிராம், 58.7 கிரெயின் வரவேண்டும். உங்களுக்கு 3.99 வந்தது, ஏறக்குறைய 100-க்கு 5 கூடுதல், அது தட்டியதால் வந்தது. மறுபடி தட்டாமல் அளந்து பாருங்கள்.

---

அரூர்_இலக்கு எழுதியது:

தட்டாமல் அளப்பதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. வரிக்குழல் (உள்ளே சுருள் வரி வெட்டிய குழல்) துப்பாக்கியில் காகித இலக்குக்குச் சுடுகிறவர்களில் சிலர் நிரப்பியபின் எண்ணிப் பத்து முறை மெஷரின் பக்கவாட்டில் தட்டி, மேலே நிரப்பித் தலைதட்டுவார்கள். எண்ணித் தட்டினால் அதுவும் நெருக்கமாகவே வரும், சில கைகளுக்கு இன்னும் நெருக்கமாக. ஆனால் அப்போது கோட்டிலுள்ள எண் பொருந்தாது, தட்டியதற்கான எடையைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதையே காலமெல்லாம் செய்யுங்கள். கலப்பதுதான் தவறு.

மெஷர் வைத்து 60 கிரெயினில் கூடக்குறைய 1 கிரெயின் வந்தால் போதும். அதற்குக் கீழே துரத்துவதில் பயன் குறைவு. குண்டைச் சுற்றும் துணியின் தடிப்பு, எண்ணெய், கெஜக்கோலை (மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் கோல்) அழுத்தும் வேகம், குழலில் படிந்த கரி, இவை எல்லாம் அரை கிரெயினைவிடப் பெரிதாக இலக்கை நகர்த்தும். அதற்கும் மேலே துல்லியம் வேண்டும் என்கிறவர்கள் வீட்டிலேயே ஒவ்வொன்றாக எடை போட்டுச் சிறு மூடிக்குப்பிகளில் அடைத்து எடுத்துப்போவார்கள். வாய்வழித் துப்பாக்கிக்கான சர்வதேசப் போட்டிகளில் அந்தத் தனித்தனிக் குப்பிதான் முறை. குடுவையிலிருந்து நேராகக் குழலில் ஊற்ற விடமாட்டார்கள். காரணம் போட்டி இல்லை, பாதுகாப்பு. முந்தைய சூட்டின் கங்கு குழலில் கிடந்தால் எரிவது மெஷரளவு மருந்தோடு நிற்க வேண்டும், கையிலுள்ள குடுவை முழுதும் எரியக்கூடாது. நீங்களும் எந்தக் குடுவையிலிருந்தும் நேராக ஊற்றாதீர்கள்.

மெஷர் சரியா என்பதைக் குழலிலேயே பார்க்க ஒரு வழி கெஜக்கோலில் குறி. குழல் காலியாக இருக்கும்போது உள்ளே விட்டு வாய் மட்டத்தில் ஒரு கோடு. நீங்கள் வழக்கமாகப் போடும் மருந்தும் குண்டும் கெட்டித்தபின் இரண்டாவது கோடு. 12 போர் குழலில் 3 டிராம் மருந்து கிட்டத்தட்ட 2 செ.மீ. உயரம் பிடிக்கும். ஒரு நாள் கோடு வாய்க்கு மேலே 2 செ.மீ. தள்ளி நின்றால் இரண்டு முறை மருந்து போட்டிருக்கிறீர்கள். சிறிதளவு மேலே நின்றால் குண்டு மருந்தைத் தொடாமல் நடுவில் நிற்கிறது. இரண்டிலும் கேப்பு (மருந்துக்குத் தீப்பொறி கொடுக்கும் சிறு மூடி) வைக்கக் கூடாது. மெஷர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இரண்டு தடவை ஊற்றினால் அது காப்பாற்றாது.

---

பென்னாகரம்_கெஜக்கோல் எழுதியது:

மெஷரின் கணக்கு நிலைத்துவிட்டது, ஆனால் மருந்து மாறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மணி பொடியானால் நெருக்கமாக உட்காரும். வெளிநாட்டு டப்பாக்களில் எஃப் எழுத்து கூடக்கூட மணி சிறிது. இரண்டு எஃப் மருந்துக்குச் சோதித்த மெஷரில் மூன்று எஃப் போட்டால் எடையும் கொஞ்சம் கூடும், அதற்கும் மேலே அது வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். இரண்டும் ஒரே திசையில் சேரும். புது டப்பா திறந்தால் பத்து முறை எடை போடாமல் மெஷரை நம்பக்கூடாது.

கருமருந்துக்கு மாற்றாக வரும் பைரோடெக்ஸ் பற்றி இணையத்தில் படிக்கிறவர்களுக்கு: அது கருமருந்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு எடை குறைந்தது. அதைக் கருமருந்து மெஷரில் இடம் பார்த்து அளக்க வேண்டும், கருமருந்தின் எடைக்குச் சமமாக நிறுத்தால் அளவு மிஞ்சிவிடும். புகையில்லா மருந்தை இந்த மெஷரில் அளக்கவே கூடாது, இந்தத் துப்பாக்கிகளில் போடவே கூடாது. குழல் வெடிக்கும்.

குடுவையின் அடியில் தூள் இறங்கும். டப்பா முடியும் தறுவாயில் அளக்கும் மருந்து தூள் மிகுந்து, எடை கூடி, வேகமாகவும் எரியும். ஊற்றும் முன் குடுவையை மெதுவாக இரண்டு மூன்று முறை சாய்த்துப் புரட்டுங்கள், உலுக்க வேண்டாம். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து மழைக்கால ஈரத்தில் மூடி சரியில்லாத டப்பா மருந்து கட்டிப்படும். கட்டி மெஷரின் நடுவில் பாலம் போல நின்று கீழே வெற்றிடம் விடும், எடை திடீரென்று 3, 4 கிரெயின் குறையும். அப்படி ஒரு எண் வந்தால் மெஷரைக் குறை சொல்லாமல் மருந்தைப் பாருங்கள். கட்டிப்பட்ட மருந்தைச் சூடுகாட்டிக் காயவைக்காதீர்கள், நசுக்காதீர்கள். நிறையத் தண்ணீரில் கொட்டிவிட்டால் வெடியுப்பு கரைந்து செயலற்றுப் போகும்.

வீட்டில் இடித்த மருந்து பற்றிக் கேட்டு யாராவது வருவார்கள் என்பதால் முன்கூட்டியே. உரிமமில்லாமல் அதைச் செய்வதே குற்றம். அது தவிர, அதை அளக்க மெஷரே இல்லை. மெஷர் இடத்தை அளக்கிறது, தராசு எடையை அளக்கிறது, இரண்டும் மருந்தின் வேகத்தை அளக்காது. ஒவ்வொரு இடிப்பிலும் வேகம் மாறும் மருந்துக்கு 60 கிரெயின் என்று சொல்வதில் பொருளே இல்லை.

இந்த இழையில் வரும் 60, 82 எல்லாம் மெஷர் சோதனைக்கான எண்கள். உங்கள் குழலுக்கு எவ்வளவு என்பது குழலின் வயது, சுவர்த் தடிமன், செய்தவர் சொன்ன உச்ச அளவு பொறுத்தது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழித் துப்பாக்கிக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறது. அப்படி உரிமம் பெற்றவை பெரும்பாலும் பழைய குழல்கள். 82 போட்டுப் பழக்கமில்லாத குழலில், மெஷரில் ‘3’ இருக்கிறது என்பதற்காக 82 போடாதீர்கள்.

---

அஞ்செட்டி_ராகிக்காடு எழுதியது:

பித்தளை மெஷர், 60-ல், தட்டாமல், நான்கு விரல் உயரத்திலிருந்து ஊற்றி, மரச்சீவலால் ஒரே இழுப்பில் தலைதட்டி, பத்து முறை:

3.79, 3.82, 3.80, 3.77, 3.83, 3.81, 3.78, 3.80, 3.82, 3.79

சராசரி 3.80 கிராம், 58.7 கிரெயின். வித்தியாசம் 0.06 கிராம். ஓசூர் அண்ணன் சொன்ன எண்ணே வந்தது. முன்பு 0.24 சிதறியது என் கைதான்.

ஒரே ஒரு சந்தேகம். 60 கிரெயின் முழுதாக வர 1.3 கிரெயின் குறைகிறது. தண்டை 0.9 மி.மீ. இறக்கி அங்கே புதுக் கோடு போடவா?

---

பாலக்கோடு_தராசுத்தட்டு எழுதியது:

போடாதீர்கள் தம்பி. அடுத்த டப்பாவில் ஒரு சி.சி.க்கு 0.99 வந்தால் அந்தப் புதுக் கோடு 61-ஐ நெருங்கும், பழைய கோடும் குழம்பும். கோடு அப்படியே இருக்கட்டும். ஒரு சிறு காகிதத்தில் ‘60 கோடு, தட்டாமல், 3.80 கிராம்’ என்று எழுதி, மருந்து டப்பாவின் தேதியையும் சேர்த்து மெஷரோடு கட்டிவையுங்கள். கொம்பில் ‘2.62 கிராம்’ என்று எழுதுங்கள், ‘கால் தோலா’ என்ற பெயரை எடுத்துவிடுங்கள். டப்பா மாறும்போது காகிதம் மாறும், மெஷர் மாறாது.

---

அஞ்செட்டி_ராகிக்காடு எழுதியது:

மூன்றிலும் எழுதிக் கட்டிவிட்டேன். கெஜக்கோலில் இரண்டு கோடும் போட்டாயிற்று, காலிக் கோடு சிவப்பு, கெட்டித்த கோடு கறுப்பு.